ராணி எழுதிய கை

காலை ஏழே கால். ரேடியோவில் டெல்லிச் செய்தி அப்போதுதான் ஆரம்பித்திருந்தது, அதனால்தான் நேரம் இவ்வளவு உறுதியாக நினைவிருக்கிறது. எங்கள் மளிகைக் கடையில் அன்றைக்கு முதல் போணி. அப்பா பின்கட்டில் வெல்ல மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்த ஒரு பெரியவர் வந்து மஞ்சள், குங்குமம், கற்பூரம் கேட்டார். நான் பொட்டலம் கட்டி நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, உங்கூட்டுப் பாப்பா நல்ல காரியத்துக்கு மஞ்சளப் பீச்சாங்கையில நீட்டுது?"

அப்பா வெல்லம் ஒட்டிய கையோடு ஓடிவந்தார். "சின்னப்புள்ளைங்க, தெரியாமப் பண்ணிருச்சு. நான் வேற கட்டித் தர்றேங்க."

"வேணாம் வேணாம். மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு."

பொட்டலத்தை அப்படியே பலகைமேல் விட்டுவிட்டு, அவர் எதிர்ச்சாரியில் இருந்த கடைக்கு நடந்தார். அப்பா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி இன்னும் முடியவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கிற நம் ஆட்களுக்கு இந்த இரண்டு சொற்களையும் விளக்க வேண்டியதில்லை: சோத்தாங்கை, பீச்சாங்கை. ஒன்று சோறு தின்கிற கை. இன்னொன்று எதற்கு என்பது பெயரிலேயே இருக்கிறது. அந்த இன்னொன்றால்தான் நான் எழுதினேன், கோலம் போட்டேன், கோலிக்குண்டு அடித்தேன். சாப்பாட்டுக்கு மட்டும் அடித்துப் பழக்கியிருந்தார்கள். மற்றதையெல்லாம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, அந்தக் காலைவரை.

அன்று சாயங்காலம் அம்மா தன் பழைய நூல்சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அப்பா அதில் பட்டையாகக் கிழித்தார். என் இடது மணிக்கட்டில் ஒரு சுற்று, அங்கிருந்து பாவாடை நாடாவோடு சேர்த்து இடுப்பில் ஒரு சுற்று. சரக்கு மூட்டைக்குப் போடுகிற அதே முடிச்சு. போட்டபிறகு தன் சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"வலிக்குதா பாப்பா?"

"இல்லப்பா."

"ஒரு மாசந்தான். கை தானாப் பழகிக்கும்."

கோபத்தில் கட்டியிருந்தால் இத்தனை வருடம் இதை மனதில் வைத்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். அவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டினார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கும் வந்து எங்கள் சாரிடம் சொல்லிவிட்டுப் போனார். சார் சாதுவான மனிதர். "அப்பா சொல்றாங்க, கேக்கணும் பாப்பா" என்று மட்டும் சொன்னார். வலது கையில் பேனா பிடித்து நான் எழுதிய முதல் பக்கம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. வரிகள் எல்லாம் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தன. ஞ போட்டால் சுருண்டு செத்த மண்புழு மாதிரி இருந்தது. வகுப்பில் முதல் ஆளாக எழுதி முடிக்கிறவள், கடைசி ஆளாகக்கூட முடிக்கவில்லை.

பங்குனிக் கடைசியில் ஆண்டுப் பரீட்சை. அதில் தேறினால் நல்லம்பள்ளியில் ஆறாவது. வீட்டில் அதற்குமேல் ஒரு பேச்சும் வந்தது. "எழுத்து திருந்துச்சுன்னா ஆறாவது. இல்லன்னா வூட்டுல புளி இருக்குது" என்றார் அப்பா. மிரட்டலாகச் சொல்லவில்லை. அரிசி இல்லாவிட்டால் ராகி என்கிற மாதிரிதான் சொன்னார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மாசி, பங்குனி எங்கள் பக்கத்தில் புளிக்காலம். வீட்டுக்கு வீடு புளி குவிந்துகிடக்கும். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, இரும்புத்துண்டால் தட்டிக் கொட்டையை எடுக்க வேண்டும். தெருவே புளிப்பாக நாறும். மூக்கில் ஏறும் அந்தத் தூசியில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். நகக்கண் கறுத்துப்போகும். எங்கள் வீட்டில் அந்த வேலை அத்தையுடையது. அப்பாவின் தங்கை. கல்யாணமாகிப் போன ஒரு வாரத்தில் திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா வீட்டில் இருக்கும்போது அத்தை வலது கையில் இரும்பைப் பிடித்து, டொக், டொக் என்று நிதானமாகத் தட்டுவாள். அப்பா கடைக்குப் போனதும் இரும்பு இடது கைக்கு மாறிவிடும். அதற்குப்பிறகு அந்தச் சத்தத்தை எண்ண முடியாது. மத்தியானத்துக்குள் கொட்டைக் குவியல் இரண்டு மடங்காகும். அப்பா வந்து, "இன்னிக்கு நல்லா ஓடியிருக்குது" என்பார். அத்தை தலையாட்டுவாள்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் எங்கள் உறவில் ஒரு நிச்சயதார்த்தம். தாம்பூலம் எடுத்துக் கொடுக்கும் வேலையை என் மகளுக்குக் கொடுத்தார்கள். பதினான்கு வயது. பட்டுப்பாவாடை, தலை நிறையப் பூ. அவள் வெற்றிலை பாக்கை எடுத்து மாப்பிள்ளையின் அம்மாவிடம் இடது கையால் நீட்டினாள். சபை பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் எட்டி அவள் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். வெற்றிலை சிதறியது. அவள் அழவில்லை, என் கையைப் பார்த்தாள். பிறகுதான் நானும் பார்த்தேன். நான் அடித்தது என் இடது கையால்.

அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. மகள் பேசாமல் ஒன்றும் இல்லை. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்கிறாள். டியூஷனிலிருந்து பத்து நிமிடம் தாமதமானால் போன் செய்து சொல்கிறாள். ஆனால் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், எழுதிக்கொண்டிருக்கிற கையை மெதுவாக மடிக்குள் வைத்துக்கொள்கிறாள். பிள்ளை பெற்றவர்கள் யாராவது இதைப் படித்தால் புரிந்துகொள்வீர்கள். அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. முதலில் உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

அந்தப் புளிக்காலத்துக்கே போகிறேன்.

கடையில் நடந்தது ஊருக்குள் பரவிவிட்டது. அப்பாவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில்தான் ஆண்டு விழாவுக்கு ஆளாளுக்கு ஒரு பொருள் தரச்சொல்லி சார் கேட்டிருந்தார். ஒருவர் மின்விசிறி தந்தார், ஒருவர் மணி தந்தார். அப்பா, ஒரு படம் தருகிறேன் என்றார். பெரிய படம், கண்ணாடி போட்டது, கீழே தன் பெயரோடு. புளி மூட்டைகளைத் தர்மபுரி மண்டியில் இறக்கிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பிரேம் கடைக்குப் போனார்.

கடைக்காரர் ஒரு பாய். வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டே பேசுவார். கண்ணாடி அறுக்கும்போது கிரீச் என்று ஒரு சத்தம் வரும், பல் கூசும். சுவரெல்லாம் படங்கள், எல்லாமே எங்கிருந்தோ கட்டுக்கட்டாக வந்து இறங்கும் அச்சுத் தாள்கள்.

"சாமி படம் வேணாம்னு சார் சொல்லிட்டாரு பாய். படிப்புக்குத் தோதா ஏதாச்சும் குடுங்க."

"தலைவருங்க படம்?"

"அது ஏற்கெனவே நாலு தொங்குது."

பாய் ஆணிகளைக் கையில் துப்பிவிட்டு, கட்டுக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவினார். "அப்ப இதப் பாருங்க. ராணி. எழுதிக்கிட்டு இருக்கா. பொம்பளப் புள்ளைங்க படிக்கிற எடத்துக்கு இதவிட என்ன வேணும்? நூறு வருசத்துக்கு முந்தி, நேருக்கு நேரா உக்கார வெச்சு வரைஞ்சது. ஒரிஜினல் ஒன்னே ஒன்னு, மியூசியத்துல பூட்டி வெச்சிருக்காங்க. இது அச்சு. ஆனாலும் பாருங்க, மூச்சு விடறாப்புல இல்ல?"

"எந்த ஊரு ராணி?"

"எந்த ஊரா இருந்தா என்னண்ணே? இனிமே உங்கூரு ராணி."

அப்பா சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

கரும்பச்சைத் திரைக்கு முன்னால் ராணி பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். சித்திர வேலை செய்த மேசை. மேசைமேல் தாள். எழுதிக்கொண்டிருக்கும்போது யாரோ கூப்பிட்டதுபோல முகத்தை மட்டும் நிமிர்த்தியிருந்தாள். அப்பா அவள் கழுத்து முத்துமாலையைப் பார்த்தார், தலையில் இருந்த கல்லைப் பார்த்தார். நான் கையைப் பார்த்தேன். இறகுப் பேனா அவளுடைய இடது கையில் இருந்தது.

நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா வேறு படம் கேட்டுவிடுவார். கிட்டே போய்ப் பார்த்தேன். மை வாசனை அடித்தது. மூக்கு தொடும் தூரத்தில் ராணி மறைந்துபோய் சிவப்பு, நீலம், மஞ்சள் புள்ளிகளாக ஆகிவிட்டாள். இரண்டடி பின்னால் வந்தேன், மறுபடியும் ராணி. அதே கை.

"பாப்பா கையில என்ன கட்டு, அடியா?" என்றார் பாய்.

"ஆமாங்க. விழுந்துட்டா" என்றார் அப்பா. அவர் பொய் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

சட்டம் அடித்து, கண்ணாடி போட்டு, கண்ணாடியின் கீழ் ஓரத்தில் வெள்ளைப் பெயின்டால் 'அன்பளிப்பு' என்றும் அப்பாவின் பெயரையும் எழுதித் தந்தார்கள். பஸ்ஸில் படத்தை என் மடியில் நிறுத்தி ஒற்றைக் கையால் அணைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அப்பா, "கெட்டியாப் புடி, கெட்டியாப் புடி" என்றார்.

பள்ளிக்குப் போகும்வரை இரண்டு நாள் படம் எங்கள் வீட்டில், அரிசி மூட்டைமேல் சாய்ந்திருந்தது. அத்தை புளித் தூசியைத் துடைத்துக்கொண்டு வந்து அதன்முன் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு விநோதமாக ஒரு காரியம் செய்தாள். தன் முந்தானையை இடது தோளிலிருந்து எடுத்து வலது தோளில் போட்டுப் பார்த்தாள். ராணியைப் பார்த்தாள். மறுபடி இடது தோளுக்கே மாற்றிக்கொண்டாள். தனக்குள் சிரித்தாள்.

"என்ன அத்தை?"

"ஒன்னுமில்ல. நல்லாருக்கா." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "அவளும் நம்மள மாதிரிதான்" என்றாள்.

நம்மள என்ற அந்தச் சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது.

ராணி எங்கள் வகுப்பில், கரும்பலகைக்கு வலப்பக்கம் தொங்கினாள். முதல் நாளே அவள் கையை எல்லோருக்கும் காட்டிவிட்டேன். ஒரு வாரத்தில் வகுப்பில் பாதிப்பேர் இடது கையால் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தின் மூலையில் வரைந்தவர் பெயர் ஏதோ கிறுக்கலாக இருந்தது. அது எந்த மொழி என்று எங்களுக்குள் பெரிய சண்டை. வீட்டில் கன்னடம் பேசுகிற ஒருத்தியைப் படிக்கச் சொன்னோம். அவள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "எங்க எழுத்து இல்ல. தெலுங்கா இருக்கும்" என்றாள். தெலுங்குக்காரப் பையனோ, "கன்னடந்தான், இவளுக்குப் படிக்கத் தெரியல" என்றான்.

பிள்ளைகள் கை மாற்றி எழுதும் கூத்தைச் சார் அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அப்பா வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் படத்துக்குக் கீழே நின்றார். தான் வாங்கி வந்த படத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார் போலிருந்தது.

"எந்தக் கையில எழுதறாங்கன்னு பாருங்கப்பா."

அவர் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பினார். மறுநாள் காலை என் கையில் முடிச்சுப் போட மறந்துவிட்டார். அதற்கடுத்த நாளும் மறந்துவிட்டார். அம்மா அந்தப் பட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டாள், அது அங்கேயே காய்ந்து கிடந்தது. கடையில் யாரோ என் கையைப் பற்றிக் கிண்டலாகக் கேட்டபோது அப்பா சொன்னது என் காதில் விழுந்தது: "ராணியே அந்தக் கையிலதான் எழுதியிருக்குது. இஸ்கூல்ல மாட்டியிருக்கேன், போய்ப் பாருங்க." குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. என் எழுத்து திரும்பி வந்துவிட்டது. நான்கு பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினால், சார் கடைசிவரை படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அந்தப் படம் இப்போது இல்லை. பழைய கட்டடத்தை இடித்தபோது எங்கே போயிற்றோ, யாருக்கும் தெரியவில்லை. அந்த ஓவியத்தின் நகல்களை இப்போது இணையத்தில் விற்கிறார்கள். துணியில் வேண்டுமா, கனத்த தாளில் வேண்டுமா, எந்த அளவு என்று கேட்கிறார்கள். நூறு வருடம் நிறம் மங்காதாம். போன வாரம் தூக்கம் வராமல் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளியே தெரியவில்லை, அவ்வளவு நேர்த்தி. முத்துக்கு முத்து பளபளக்கிறது. எல்லாவற்றிலும் ராணி வலது கையால்தான் எழுதுகிறாள்.

எனக்கு அது முன்பே தெரியும். ஆண்டு விழா அன்றே தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். பரீட்சை திங்கட்கிழமை. விழா பார்க்க அம்மாக்கள் எல்லாம் வந்திருந்தார்கள். எங்கள் வகுப்பறையில்தான் நடனம் ஆடுகிற பிள்ளைகளுக்கு வேஷம் போட்டார்கள். பவுடரும் வியர்வையும் கனகாம்பரமும் சேர்ந்து ஒரே வாசனை. அங்கே நின்றிருந்த பெண்கள் ராணியை அண்ணாந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கையைப் பார்க்கவில்லை.

"இது என்ன ஊருக் கட்டுடி? முந்தானைய சோத்தாங்கைப் பக்கம் போட்டிருக்கா?"

"ராணிங்கல்லாம் அப்படிப் போடுவாங்களோ என்னமோ."

"ஏம்மா, உங்க பக்கம் இப்படித்தான் கட்டுவாங்களா?"

கன்னடக்கார அம்மா கையை விரித்தாள். "எங்க பக்கமும் இல்ல தாயி. யாரு பக்கமும் இல்ல."

விழாவுக்கு வந்திருந்த கல்வி அதிகாரி இந்தப் பேச்சைக் கேட்டு உள்ளே வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். உடனே புன்னகை. கெட்ட மனிதர் இல்லை, தனக்குத் தெரிந்ததைச் சொல்லக் கிடைத்த சந்தோஷம்தான் அவருக்கு. "இந்த ஓவியத்தோட ஒரிஜினல நான் நேர்ல பார்த்திருக்கேன். அச்சடிக்கறப்ப பிலிமத் திருப்பி வெச்சுட்டாங்க. இடம் வலமாயிருச்சு, வலம் இடமாயிருச்சு. பாக்கறீங்களா? ஒரு கண்ணாடி குடுங்க."

வேஷப் பெட்டியிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்தார்கள். அவர் படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்குமேல் அதைப் பிடித்தார். எல்லோரும் முண்டியடித்து எட்டிப் பார்த்தோம். கண்ணாடிக்குள் ராணியின் முந்தானை இடது தோளுக்கு வந்துவிட்டது. மூலையில் இருந்த கிறுக்கல் நல்ல இங்கிலீஷ் எழுத்தாக மாறிவிட்டது. பேனா வலது கையில் இருந்தது. கீழே அப்பாவின் பெயர் மட்டும் இடம் வலமாகத் திரும்பிக் கிடந்தது.

அறையே சிரித்தது. கல்யாணக்காரப் பெரியவரும் பேத்தியின் நடனம் பார்க்க வந்திருந்தார். "அப்ப ராணியும் சோத்தாங்கைதானா?" என்றார் அப்பாவைப் பார்த்து. இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறந்ததே இல்லை. வாய் மட்டும் தனியாகச் சிரித்தது.

விழா முடியும்வரை அவர் இருந்தார். எல்லோரும் போனபிறகு, சாரிடம் கேட்டுப் படத்தைக் கழற்றிச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். "மாத்திக்கிட்டு வந்து மாட்டறேன் சார்."  வீட்டுக்கு வந்ததும் கொடியில் கிடந்த பட்டையை எடுத்தார். இந்தமுறை சுண்டுவிரலை விட்டுப் பார்க்கவில்லை.

சனி முழுக்க அப்படியே போயிற்று. ஞாயிறு மத்தியானம் நான் பரீட்சைக்காக வலது கையால் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாள் கிழிந்தது. அப்பா சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார். அத்தை புளிக்குவியலுக்கு நடுவிலிருந்து, இரும்பைக் கீழே வைக்காமலே பேசினாள். அண்ணனிடம் அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அண்ணா, அந்தப் படம் தலைமாத்திப் போட்டதுன்னு வூட்டுக்கு வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். முந்தானையப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதான?"

"எதுக்குச் சொல்லணும்? நீ கட்டறத வுட்டுட்ட. புள்ள எழுதுச்சு."

"நாளைக்கு இன்னொருத்தன் வூட்டுல போய்ப் பீச்சாங்கையில சோறு போட்டு உன்னாட்டம் வந்து நிக்கட்டும், அப்பப் புரியும்" என்றார் அப்பா.

இரும்பு நின்றுவிட்டது. அப்போதுதான் அத்தை ஏன் திரும்பி வந்தாள் என்று எனக்குத் தெரிந்தது. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவும் திரும்பினாள்.

"என் கையத்தான் நம்மப்பா ரெண்டு வருசம் கட்டி வெச்சாரு" என்றாள் அத்தை. குரல் உயரவில்லை. "பழகியிருந்துச்சு. நல்லாத்தான் பழகியிருந்துச்சு. அன்னிக்கு அத்தன பேரு பந்தியில உக்காந்திருக்க, எந்தக் கைன்னு யோசிச்சு யோசிச்சே பயம் வந்துருச்சு. பயத்துல இந்தப் பீச்சாங்கைதான் முன்னால போச்சு. கட்டாம இருந்திருந்தா யோசிச்சிருக்கவே மாட்டேன்."

அப்பா பாதிச் சோற்றில் கை கழுவினார்.

அதோடு முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் திங்கட்கிழமை காலையில் அவர் மறுபடியும் பட்டையை எடுத்தார். "இன்னிக்கு மட்டும் பொறுத்துக்க" என்றார். எதற்கு இன்றைக்கு மட்டும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. பயந்துபோன மனிதர் நேற்றுச் செய்ததையே இன்றும் செய்வார். நிச்சயதார்த்தத்தில் என் கை எழுந்ததும் அப்படித்தான். அப்பா சாக்கில் சுற்றிய படத்தை இடுக்கிக்கொண்டு, பாயிடம் சண்டை போடத் தர்மபுரி பஸ்ஸுக்குப் போனார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

பத்து மணிக்குப் பரீட்சை. முதல் பரீட்சை தமிழ். சார் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டார். ராணி இருந்த இடத்தில், விழாவுக்காகச் சுண்ணாம்பு அடித்தபோது விட்டுப்போன ஒரு சதுரமும் ஓர் ஆணியும் இருந்தன. கேள்விகள் எல்லாம் எனக்குத் தெரிந்தவை. முதல் பதில் மனதுக்குள் முழுசாக இருந்தது, கடைசி வரிவரை. கைதான் வரவில்லை. அரைமணி நேரத்தில் மூன்று வரி எழுதியிருந்தேன். மூன்றும் சாருக்கே படிக்க வராது. பேனா வழுக்கிக் கீழே விழுந்து உருண்டது. குனிந்து எடுக்கப் போனால் கட்டிய கை இழுத்தது. பக்கத்துப் பெண் எடுத்துக் கொடுத்தாள். அவள் இரண்டாவது பக்கத்தில் இருந்தாள்.

சார் என் பக்கத்தில் வந்து நின்றார். முடிச்சைப் பார்த்தார். அதில் கை வைக்க நினைத்தது எனக்குத் தெரிந்தது. வைக்கவில்லை, சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் மை கலைந்துவிடும் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே நான்காவது வரியை ஆரம்பித்தேன். ஆறாவது வகுப்பு, நல்லம்பள்ளி, பஸ்ஸில் போகிற பெரிய பிள்ளைகள் எல்லாம் அந்த வரியின் சரிவில் இறங்கிப் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது.

பத்தே முக்கால் இருக்கும். வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. அப்பா நின்றிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கக்கத்தில் அதே சாக்கு, பிரிக்காமல். தர்மபுரிக்கே போகவில்லை. மூன்று பஸ்களை விட்டுவிட்டு நிறுத்தத்திலேயே நின்றிருக்கிறார் என்று, அங்கே வெற்றிலை விற்கிற அம்மா பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

சாக்கைச் சுவரோரம் சாய்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். மண்டியிட்டு உட்கார்ந்து முடிச்சில் கை வைத்தார். வியர்வையில் நனைந்து அது இறுகிப்போயிருந்தது. நகத்தால் நெம்பினார், அவிழவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தார். அவர் தலை என் மடிமேல் இருந்தது. பெருங்காயமும் வெல்லமும் புகையிலையுமாகக் கடை வாசனை அடித்தது. நாற்பது பிள்ளைகள் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டை அவிழ்ந்து விழுந்ததும், மரத்துப்போயிருந்த என் கையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். சூடு வரும்வரை தேய்த்தார். பேனாவை எடுத்து அந்தக் கையிலேயே வைத்தார்.

பிறகு எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு சாரைப் பார்த்துச் சொன்னார்: "பாப்பாவுக்கு முக்கால் மணி நேரம் கூடக் குடுங்க சார். அத்தனையும் நான் கெடுத்த நேரம்."